கருவி பேசும், பதில் சொல்வது யார்?

ஆங்கிலக் கல்வியில் தொழில்நுட்பமும் வங்கதேசம் தரும் படிப்பினையும்

பேசும் கருவி ஒன்றை மனிதன் கண்டுபிடித்தபோதெல்லாம், மொழி கற்பிக்கும் ஆசான் கிடைத்துவிட்டான் என்ற மகிழ்ச்சியும் உடன் பிறந்திருக்கிறது. இசைத்தட்டு வந்தபோது அப்படி நம்பினார்கள். வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி என்று ஒவ்வொன்றாக வந்தபோதும் அந்த நம்பிக்கை புதுப்பிக்கப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி நாம் கேட்கும் சொற்களில் பல, முந்தைய கருவிகளைப் பற்றியும் சொல்லப்பட்டவையே.

ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்கும் நாடுகளில் பல, தகுதியுள்ள ஆங்கில ஆசிரியர்கள் போதாமல் தவிப்பவை. ஓர் ஆசிரியரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். கருவியையோ ஒரே நிதியாண்டில் வாங்கிவிடலாம். ஆகவே அரசுகளின் கை முதலில் கருவியை நோக்கியே நீள்கிறது. தவறான கருவிக்குச் செலவிட்ட பணத்தையேனும் மீண்டும் தேடிக்கொள்ளலாம். அதன்முன் அமர்ந்து வீணான பள்ளிப் பருவத்தை ஒரு பிள்ளைக்குத் திருப்பித் தர யாராலும் இயலாது. எனவே, எந்தக் கருவி எங்கே உதவிற்று, எங்கே கைவிட்டது, அதற்குக் காரணம் யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இதற்கு வங்கதேசத்தின் அனுபவத்தை மையமாகக் கொள்கிறோம். 1952 பிப்ரவரி 21ஆம் நாள் தாய்மொழிக்காக இளைஞர்கள் உயிரீந்த மண் அது. அந்நாளையே 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அதே நாடு ஆங்கிலத்தின் தேவையையும் நன்கு அறிந்திருக்கிறது. கைப்பேசி வழியே ஆங்கிலம் கற்பிக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்ததும் அங்கேதான்.

டாக்காவில் எழுந்த ஒரு கேள்வி

கைப்பேசிக்கு வெகுகாலம் முன்பே, ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றிய ஓர் அடிப்படைக் கேள்வி டாக்காவில் எழுப்பப்பட்டது. அதை எழுப்பியவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்த இவர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்காளத்தின் இருமொழிக் கல்வியை ஆராய்ந்து 1926இல் இவர் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடி நூலாகக் கருதப்படுகிறது.

வெஸ்ட் கண்ட உண்மை எளியது. பள்ளியில் சேரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகிறார்கள். பாடத்திட்டமோ, இறுதி வகுப்புவரை படிக்கப்போகும் சிலரை மட்டுமே மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டிருக்கிறது. முடித்தவனுக்கு அது பயன்படும். மூன்றாண்டு படித்து நின்றவனுக்கோ, கட்டி முடிக்காத வீட்டின் அடித்தளம் எவ்வளவு பயன்படுமோ அவ்வளவே பயன்படும். ஆயுள் காப்பீடு எடுத்தவர் இடையில் அதை விட்டுவிட நேர்ந்தால், கட்டிய தவணைக்கு ஈடாக ஒரு தொகை கிடைக்கும். 'சரண்டர் மதிப்பு' என்று அதனைக் கூறுவர். கல்விக்கும் அத்தகைய மதிப்பு ஒன்று இருக்கவேண்டும் என்றார் வெஸ்ட். மாணவன் எந்தப் படியில் நின்றாலும், அதுவரை கற்றது அவன் கையில் பயனாக நிற்கவேண்டும் என்பது அதன் பொருள்.

வங்கச் சிறுவன் ஆங்கிலேயருடன் உரையாடும் வாய்ப்பு அரிது. ஆனால் நூல் அவன் கைக்கு எட்டும். ஆகவே படிக்கும் திறனுக்கு வெஸ்ட் முதலிடம் தந்தார். வழக்கிலிருந்த பாடநூல்களில் புதிய சொற்கள் நெருக்கமாக வந்து குவிவதையும், அவற்றுட் பல அன்றாட வழக்கில் அரியவை என்பதையும் கண்டார். அரிய சொல்லுக்குப் பதிலாக எளிய சொல்லை வைத்து, புதிய சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு, ஒருமுறை வந்த சொல் மீண்டும் மீண்டும் வருமாறு புதிய வாசகங்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பட்டியல் உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்குக் கைவிளக்காயிற்று. இன்றைய செயலிகள் ஒரு சொல்லை மறக்கும் தறுவாயில் மீண்டும் காட்டுகின்றனவே, அதே நோக்கத்தைத் தாளும் மையும் கொண்டு அன்றே அவர் நிறைவேற்ற முயன்றார்.

எனவே, எந்தக் கருவியைப் பற்றியும் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி வெஸ்டிடமிருந்தே கிடைக்கிறது: பாதியில் நிற்பவனுக்கு இது எதை விட்டுச்செல்லும்? இரண்டாவது கேள்வியைக் கருவிகளின் வரலாறே நமக்குக் கற்றுத்தரும்.

குரலைச் சுமந்துவந்த கருவிகள்

1901இல் ஜாக் ராஸ்டன் என்னும் மொழியாசிரியர் இலண்டனில் லிங்குவாஃபோன் நிறுவனத்தைத் தொடங்கி, ஒலிப்பதிவின் வழியே மொழி கற்பிக்க முனைந்தார். நூலால் தரமுடியாத ஒன்றை ஒலிப்பதிவு தந்தது: அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரின் குரல். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நம்பத்தகாதது என்பதால் இந்தக் குரலின் தேவை மற்ற மொழிகளைவிட அதிகம்.

இசைத்தட்டு வாங்க முடிந்தவருக்கு மட்டுமே கிடைத்த அக்குரலை வானொலி எல்லாருக்கும் பொதுவாக்கியது. 1943இல் பிபிசி, வானொலி வழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. 1959 அக்டோபர் 19இல் அமெரிக்காவின் குரல் வானொலி, அந்நியர்க்கென எளிய ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரு பங்காகச் செய்தி வாசிக்கப்பட்டது. டாக்காவில் வெஸ்ட் அச்சில் செய்ததை இது காற்றலையில் செய்தது எனலாம்.

தொலைக்காட்சியின் ஆற்றலுக்குச் சீனா சான்று. பிபிசி தயாரித்த 'ஃபாலோ மீ' என்னும் பாடத்தொடர் 1982 முதல் சீன அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த நாட்டு மக்கள், ஆங்கிலேயர் கடைவீதியிலும் வீட்டிலும் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பதை முதன்முதலாக நேரிற் போலக் கண்டனர். ஆங்கிலப் பெண்மணி ஒருவரும் சீனப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து அதனை வழங்கினர் என்பதை நாம் கவனத்திற் கொள்ளவேண்டும். ஒருவர் குரலைத் தந்தார். மற்றவர் மக்களின் மொழியிலேயே அதற்கு விளக்கம் தந்தார்.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. கருவி பேசும், கற்பவன் கேட்பான். அவன் வாய் திறந்து ஏதேனும் சொன்னால், அது சரியா தவறா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

மொழிப் பயிற்சிக்கூடத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இக்குறையைத் தீர்க்க வந்ததே மொழிப் பயிற்சிக்கூடம். தடுப்புகளால் பிரிக்கப்பட்ட இருக்கை, காதில் ஒலிவாங்கும் கருவி, எதிரே ஒலிநாடா. மாணவன் நாடாவில் வரும் வாக்கியத்தைத் திரும்பச் சொல்லித் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வான் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கா அறிவியலோடு அந்நிய மொழிக் கல்வியிலும் பின்தங்கிவிட்டதாக அஞ்சி, 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அதன் நிதியால் அமெரிக்கப் பள்ளிகளில் இக்கூடங்கள் பெருகின.

முடிவு ஏமாற்றமே. நியூயார்க் வட்டாரப் பள்ளிகளில் பிரெஞ்சு பயின்றோரை ஆராய்ந்து 1963இல் கீட்டிங் வெளியிட்ட ஆய்வில், கூடம் இல்லாத பள்ளி மாணவர்களே பல கூறுகளில் மேம்பட்டிருந்தனர். அந்த ஆய்வின் முறை குறித்து எதிர்வாதங்கள் எழுந்தன. பின்னர் பென்சில்வேனியாவில் விரிவாக நடந்த ஆய்விலும் கூடத்தினால் குறிப்பிடத்தக்க நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. பிழைபட ஒலிப்பவனின் காதும் அதே பிழைக்குப் பழகியதுதானே! தன் பிழையைத் தானே கேட்டு அவன் எப்படித் திருத்திக்கொள்வான்? பொருளற்ற மறுமொழிதல் விரைவில் சலிப்பையும் தந்தது.

கேட்டல் மட்டும் போதாது என்பதற்கு வேறோர் இடத்திலிருந்தும் சான்று கிடைத்தது. கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பல்லாண்டு பிரெஞ்சு வழியிலேயே பாடங்கள் பயின்ற பள்ளிகளை மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். அப்பிள்ளைகளின் கேட்டுணரும் திறன் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கியிருந்தது. பேச்சிலும் எழுத்திலுமோ பிழைகள் நீங்கவில்லை. கற்பவன் தானே வாக்கியம் அமைத்துப் பேச முயலும்போதுதான் தனக்குத் தெரியாதது எது என்பது அவனுக்கே தெரியவரும் என்று அவர் எழுதினார்.

2003இல் பட்ரீசியா கூல் தலைமையில் வெளியான ஆய்வு இதனினும் வியப்பானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு சாராரிடம் சீனமொழி பேசுவோர் 12 அமர்வுகளில் நேரில் அமர்ந்து பேசி விளையாடினர். மற்றொரு சாராருக்கு அதே பேச்சு தொலைக்காட்சியிலும் ஒலிப்பதிவிலும் தரப்பட்டது. நேரிற் பழகிய குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன. கருவியின் வழி கேட்டவை அத்திறனைப் பெறவில்லை. கைக்குழந்தைக்குப் பொருந்துவது பள்ளி மாணவனுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் கொள்ளவில்லை. எனினும், தன்னை நோக்கிப் பேசும் மனிதரிடமிருந்தே மொழியை ஏற்க மனித மனம் முந்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆக, இரண்டாவது கேள்வி தெளிவாகிறது: கற்பவன் வாய் திறக்கும்போது அவனுக்குப் பதில் சொல்வது யார்?

கருவி வல்லதாகும் இடம்

கருவியைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆசிரியரைவிடக் கருவி சிறந்து விளங்கும் இடங்களும் உண்டு. ஜப்பானியர்க்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்தறிவது மிகக் கடினம். 1991இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்பிக்காமல், பலருடைய குரல்களில் பல சொற்களைக் கேட்பித்து, ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி, தவறு என்று அறிவித்துப் பயிற்சியளித்தனர். சில வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. பிந்தைய ஆய்வுகளில், மூன்று மாதங்களுக்குப் பிறகும் அது நிலைத்திருந்ததும், கற்றவர்களின் ஒலிப்பே திருந்தியதும் காணப்பட்டன. வகுப்பில் ஆசிரியர் ஒருவர். அவருக்குக் குரலும் ஒன்றே. பத்துக் குரல்களைத் தரவும், ஆயிரம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் விடை சொல்லவும் கருவியால் முடியும்.

அரபு மொழியில் 'ப'கரத்தின் வல்லொலி இல்லை என்பதை நம் வாசகர்கள் அறிவர். பாரசீகமும் உருதுவும் மூன்று புள்ளி இட்டு அவ்வெழுத்தை உருவாக்கிக்கொண்டன. எனவே ஆங்கிலத்தில் பூங்காவைக் குறிக்கும் சொல்லும் நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லும் அரபு மாணவனின் நாவில் ஒன்றாகிவிடக் கூடும். இத்தகைய நுண்ணிய பயிற்சிக்குக் கருவி மிகப் பொருத்தமானது. சொற்களை இடைவெளி விட்டு நினைவூட்டுவதும் அதன் வேலையே. நாணம் மிக்க மாணவனோ, வகுப்பில் எழுந்து நிற்க அஞ்சும் நடுவயதினரோ பிறர் நகைப்புக்கு ஆளாகாமல் தனித்துப் பழகவும் அது இடம் தருகிறது.

வானொலியைக் கொண்டே மாணவனைப் பேசவைக்க முடியும் என்பதைக் கென்யா காட்டிற்று. 1980களின் முற்பகுதியில் அங்கே தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு நாள்தோறும் அரைமணி நேர ஆங்கிலப் பாடம் ஒலிபரப்பாயிற்று. வானொலி கேள்வி கேட்டுவிட்டுச் சில விநாடி மௌனமாக இருக்கும். வகுப்பு முழுவதும் விடை சொல்லும். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். அருகில் நிற்கும் ஆசிரியர் தடுமாறும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வார். வானொலி வழியே கற்ற பிள்ளைகள், குறிப்பாகக் கேட்டுணர்வதில், மற்றவரைவிட முன்னேறினர். புதிய கருவி எதுவும் அங்கே நுழையவில்லை. பழைய வானொலிப் பாடத்தில் விடைக்கென்று சில விநாடி இடம் விடப்பட்டது, அவ்வளவே.

வங்கதேசத்தின் சன்னல்

1971இல் விடுதலை பெற்ற வங்கதேசத்தில் ஆட்சியிலும் கல்வியிலும் வங்காளமே முதலிடம் பெற்றது; அரசு அலுவல்களில் வங்காளத்தைக் கட்டாயமாக்கி 1987இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆங்கிலம் அங்கே அந்நிய மொழியின் நிலைக்கு வந்தது. ஆனால் ஆடை ஏற்றுமதி வளர்ந்தது. இலட்சக்கணக்கானோர் வேலைதேடி வெளிநாடு சென்றனர். தனியார் பல்கலைக்கழகங்கள் ஆங்கில வழியில் கற்பித்தன. 1990களின் தொடக்கத்தில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடமாயிற்று. அரசு பாடத்திட்டத்தைத் தழுவிய ஆலியா மதரசாக்களிலும் அது கற்பிக்கப்படுகிறது. ஆனால் பத்தாண்டுக்கு மேல் ஆங்கிலம் பயின்றும் பேச முடியாதவரே மிகுதி. ஆசிரியர் பாடநூலைப் படிப்பார், வங்காளத்தில் பொருள் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வர். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமேனும் பேசும் வாய்ப்பு மாணவனுக்குக் கிட்டுவதில்லை.

இந்நிலையில் 2008இல், பிரித்தானிய அரசின் 5 கோடி பவுண்டு நிதியுதவியுடன், 'செயலில் ஆங்கிலம்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு திட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நடந்த இத்திட்டம் 2.5 கோடி மக்களை எட்டுவதை இலக்காகக் கொண்டது. அதற்கு இரண்டு கிளைகள் இருந்தன: ஒன்று பொதுமக்களுக்கு, மற்றொன்று பள்ளிகளுக்கு.

பொதுமக்களுக்கான கிளையின் பெயர் 'பிபிசி ஜானாலா'. ஜானாலா என்றால் வங்காளத்தில் சன்னல் என்று பொருள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரே சொல்லே வங்காளத்தில் ஜானாலா என்றும் தமிழில் சன்னல் என்றும் வழங்குகிறது. 2009 நவம்பரில் இச்சேவை தொடங்கிற்று. 3000 என்ற எண்ணுக்கு எந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்தாலும் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒன்று ஒலிக்கும். விளக்கம் வங்காளத்தில் இருக்கும். கைப்பேசி நிறுவனங்கள் இவ்வழைப்புக்கான கட்டணத்தை வழக்கமானதைவிடக் குறைத்தன. அக்காலத்தில் இணையம் அந்நாட்டில் மிகச் சிலருக்கே எட்டியிருந்தது. கைப்பேசியோ சிற்றூர்களிலும் பரவியிருந்தது. ஆகவே புதிய கருவி எதையும் வாங்கச் சொல்லாமல், மக்களின் கையில் ஏற்கனவே இருந்ததையே இத்திட்டம் பயன்படுத்திற்று. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் நாளிதழ்ப் பாடங்களும் இதற்குத் துணை நின்றன.

வெஸ்டின் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். மூன்று நிமிடப் பாடம் தனித்து நிற்பது. ஒன்றைக் கேட்டு நின்றவனுக்கும் ஓரிரு பயனுள்ள தொடர்கள் மிஞ்சும். அவ்வகையில் இது தேறுகிறது. இரண்டாவது கேள்வியில் தேறவில்லை. அழைத்தவன் கேட்டான், திரும்பச் சொன்னான். அவன் சொன்னதைக் கேட்க மறுமுனையில் யாரும் இல்லை. சன்னல் வழியே உலகைக் காணலாம். அதைக் கொண்டு வெளியே நடந்துவிட முடியாது.

பள்ளிகளுக்கான கிளையில்தான் சிறந்த படிப்பினை இருக்கிறது. இங்கே கருவி மாணவனிடம் கொடுக்கப்படவில்லை, ஆசிரியரிடம் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில், முன்னோட்டமாகச் சில பள்ளிகளில் ஐபாட் கருவிகள் வழங்கப்பட்டன. திட்டம் விரிந்தபோது அவற்றைக் கைவிட்டு, விலை குறைந்த சாதாரணக் கைப்பேசிகளுக்கு மாறினார்கள். பாடநூலை ஒட்டிய உரையாடல்களும் பாடல்களும், வகுப்பை எப்படி நடத்துவது என்று காட்டும் காணொளிகளும் ஒரு சிறிய நினைவக அட்டையில் அடங்கின. அதனால் இணையம் வேண்டியதில்லை. கைப்பேசி அலைவரிசையும் வேண்டியதில்லை. மின்னேற்றிக்கொள்ளத்தக்க சிறிய ஒலிபெருக்கி ஒன்று உடன் தரப்பட்டது. மின்வெட்டிலும் பாடம் நடந்தது. காணொளிகளில் வங்கதேச வகுப்பறைகளே காட்டப்பட்டன. விளக்கம் வங்காளத்தில் அமைந்தது.

ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருவரைச் சேர்த்தே பயிற்றுவித்தனர். தனித்து ஒருவர் புதிய முறையைக் கையாண்டால் சக ஆசிரியரின் ஏளனமோ தலைமையாசிரியரின் ஐயமோ அவரைத் தளரச் செய்யும். இருவராயின் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கூடி, செய்ததையும் தவறியதையும் பேசினர்.

வகுப்பறையில் நடந்த மாற்றம் இதுதான்: கைப்பேசியிலிருந்து ஓர் உரையாடல் ஒலிக்கும், ஆசிரியர் நிறுத்துவார், கேள்வி கேட்பார், பிள்ளைகள் இருவர் இருவராகத் தம்முள் அதையே தம் பெயர்களை இட்டுப் பேசுவர், ஆசிரியர் நடந்து சென்று கேட்டுத் திருத்துவார். திட்டத்தின் மதிப்பீடுகளில், ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசும் நேரமும் மாணவர் வாய் திறக்கும் நேரமும் கூடியிருந்தன. தம் ஒலிப்பில் நம்பிக்கையில்லாத ஆசிரியருக்குக் கைப்பேசி ஒரு மறைப்பும் துணையும் ஆயிற்று. குரலை அது தந்தது. பதிலை அவர் தந்தார்.

நிதியுதவியில் நடந்த திட்டம் என்பதால், அது முடிந்தபின் பயிற்சிக் கூட்டங்களைத் தொடர்வது யார் என்ற கவலை இறுதிவரை இருந்தது. பழுதான கைப்பேசியை மாற்றலாம். ஆசிரியர் கூடிப் பேசும் வழக்கத்தை ஆண்டுதோறும் உயிரோடு வைத்திருக்கவும் செலவும் அக்கறையும் வேண்டும். தம் பெயரில் கைப்பேசி இல்லாத பெண்களுக்கு ஜானாலாவின் கதவு தந்தையோ கணவரோ திறந்தால் மட்டுமே திறந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட வங்கதேசப் பள்ளிகள் 2021 செப்டம்பரில்தான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டில் நாடாளுமன்றத் தொலைக்காட்சி அலைவரிசையில் பாடங்கள் ஒளிபரப்பாயின. தொலைக்காட்சி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒருபுறம் விடுபட்டனர்; இருந்த வீட்டுப் பிள்ளைகளும் 1943ஆம் ஆண்டின் வானொலி நேயரைப் போலப் பதில் சொல்ல ஆளின்றிக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இரு நாடுகள், இரு வழிகள்

இப்படிப்பினை வங்கதேசத்துக்கு மட்டும் உரியதா என்பதை அறியத் தென் அமெரிக்காவின் இரு நாடுகளை ஒப்பு நோக்கலாம். பெரு நாடு 2008 முதல் ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளைப் பெருமளவில் வழங்கிற்று. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் அமெரிக்க நாடுகளின் மேம்பாட்டு வங்கி வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டுக்குப் பின்னும் கணிதத்திலோ தாய்மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை. கணினி வந்தது, அதைப் பாடத்தோடு இணைக்கும் ஆசிரியர் பயிற்சி வரவில்லை.

உருகுவே நாடும் 2007இல் தொடங்கி 2009க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கிற்று. ஆனால் ஆங்கிலத்துக்கு அது வேறு வழியைத் தேர்ந்தது. ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை அங்கும் கடுமையாக இருந்தது. 2012இல் தொடங்கிய முறைப்படி, 4 முதல் 6 வரையிலான வகுப்புகளுக்கு வாரம் ஒருமுறை தொலைவிலிருக்கும் ஆங்கில ஆசிரியர் ஒருவர் திரையில் நேரலையாகத் தோன்றிப் பாடம் நடத்துவார். வாரத்தின் மற்ற ஆங்கிலப் பாடங்களை வகுப்பாசிரியரே நடத்துவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம்; பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்பார். திரையில் தோன்றுபவருக்கு மொழி தெரியும். வகுப்பில் நிற்பவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். இருவரும் வாரந்தோறும் கலந்து பேசித் திட்டமிடுவர். இங்கே தொழில்நுட்பம் ஆசிரியருக்கு மாற்றாக வரவில்லை. ஓர் ஆசிரியரை இன்னோர் ஆசிரியரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

பதில் சொல்லும் கருவி வந்தபின்

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவ்விவாதம் பழையதாகிவிட்டதே என்று சிலர் எண்ணக்கூடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், கேட்டால் பதில் சொல்லும் கருவி எல்லார் கையிலும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் திருத்துகிறது, பேசினால் பேசுகிறது, நள்ளிரவிலும் சலிப்பதில்லை. இது மெய்யாகவே பெரிய மாற்றம். மொழிப் பயிற்சிக்கூடத்தின் மிகப் பெரிய குறை இதனால் தீர்கிறது.

ஆனால் பதில் எளிதாகக் கிடைப்பதே புதிய தீங்கும் ஆகலாம். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் கணிதத்தில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. கருவியைத் தங்கு தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு மேம்பட்டனர். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே இல்லாமல் படித்தவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையை நேரே தராமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியால் அத்தீங்கு பெரும்பாலும் நீங்கிற்று. கட்டுரையைக் கருவி எழுதித் தந்தால் மதிப்பெண் கிடைக்கும். தானே வாக்கியம் அமைக்கும் முயற்சி தடைபடும். மெரில் ஸ்வெய்ன் சொன்னதன் மறுபக்கம் இது.

நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2024இல் உலக வங்கியின் துணையுடன் நடந்த முயற்சி நம்பிக்கை தருகிறது. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி என்பதால் வங்கதேசத்தின் நிலையோடு அதனை முற்றும் ஒப்பிட இயலாது. ஆறு வாரங்கள், பள்ளி நேரத்துக்குப் பின், மாணவர்கள் இருவர் இருவராகக் கணினிமுன் அமர்ந்து செயற்கை நுண்ணறிவோடு ஆங்கிலம் பயின்றனர். ஒவ்வோர் அமர்விலும் ஆசிரியர் தலைப்பைத் தொடங்கிவைத்தார், இடையே வழிநடத்தினார், முடிவில் தொகுத்துரைத்தார். பங்கேற்றோர் ஆங்கிலத்தில் மற்றவரைவிடத் தெளிவாக முன்னேறினர். அதிக நாள் வந்தவர் அதிகம் பயன்பெற்றனர். மிகப் புதிய கருவியும், வங்கதேசத்தின் மலிவுக் கைப்பேசியைப் போல, ஆசிரியர் அருகிருந்தபோதே இங்கு பயன் தந்திருக்கிறது.

நாம் கேட்கவேண்டியவை

பள்ளிகளை நடத்தும் பொறுப்பில் இருப்போர், கருவி விற்க வருபவரிடம் விலையையும் திரையின் அளவையும் கேட்டு நின்றுவிடலாகாது. பாதியில் நிற்கும் பிள்ளைக்கு இது எதை விட்டுச்செல்லும்? பிள்ளை வாய் திறந்தால் பதில் சொல்லப்போவது யார்? மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் பாடம் என்னவாகும்? வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சி? அடுத்த ஆண்டும் அது தொடருமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே பணப்பையைத் திறக்கவேண்டும்.

விலை உயர்ந்த கருவியை வாங்கிப் பூட்டிவைத்த பள்ளியைவிட, ஒரு சாதாரணக் கைப்பேசியையும் சிறு ஒலிபெருக்கியையும் கொண்டு நாள்தோறும் நாற்பது பிள்ளைகளைப் பேசவைக்கும் ஆசிரியர் உள்ள பள்ளி மேலானது. அத்தகைய ஆசிரியரைக் கண்டெடுப்பதும், அவருக்குக் குரலும் துணையும் நேரமும் தருவதுமே முதற்கடமை. தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை அவருடைய பயிற்சிக்கென முதலில் எடுத்து வைப்போமாயின், எஞ்சியதைக் கொண்டு எந்தக் கருவியை வாங்குவது என்பதை அவரே நமக்குச் சொல்லிவிடுவார்.